வள்ளத்தில் வந்த மனேஜர்

நேற்றுக் காலை லண்டனில், இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறினேன். வெளியே மழை. எனக்கு எதிரே ஓர் இளைஞன் தொப்பலாக நனைந்த நாயோடு வந்து உட்கார்ந்தான். பெட்டியில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மட்டும் முன்னால் சாய்ந்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். "ஆர் யூ ஓகே?" என்று கேட்டான். ஓகே என்றேன். இரண்டாவது மூச்சையும் இழுத்தபோது அவன் நாயைக் கூட்டிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். அவனைக் குறைசொல்ல மாட்டேன்.

ஈர நாயின் நாற்றத்தோடு எனக்கு மட்டும் இன்னும் இரண்டு வாசனைகள் சேர்ந்து வரும். ஒன்று பெற்றோல். மற்றது உளுந்து வடை.

பல வருடங்களுக்கு முன் நான் லெச்லேட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தேன். தேம்ஸ் நதி தன்னை நதி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படும் அளவுக்கு ஒடுங்கி ஓடுகிற இடம் அது. அதற்கு முன்னர் பாரிஸில் கோப்பை கழுவினேன், ஜெர்மனியில் கோழிப்பண்ணை, சுவிஸில் ஆஸ்பத்திரித் துணி. எங்கேயும் இரண்டு குளிர்காலத்துக்கு மேல் நின்றதில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், யாழ்ப்பாணத்தில் யுத்தம் தொடங்கியபோது பாதியில் எழுந்து வந்தவன், பிறகு எந்த இடத்திலும் முழுதாக உட்காரவில்லை.

ஷெட்டில் எனக்கு மூத்தவர் குணம் அண்ணை. கிழமை நாட்களில் கடையின் பின்னறையில் படுப்பார். சனி, ஞாயிறுகளில் விம்பிள்டனில் மனைவி மலர் அக்காவிடம் போவார். மூன்றாவது ஆள் மனேஜர். அவன் ஒரு பெரிய கறுப்பு நாய். யாரோ விட்டுவிட்டுப் போன நாய், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து இருந்து வாடிக்கையாளரை மேலும் கீழும் பார்க்கத் தொடங்கியதால் அந்தப் பெயர். ஒருநாள் சூடில்லாத இறைச்சிப் பேஸ்ட்ரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் மனேஜரைப் பார்க்க வேண்டும் என்று கத்தினார். குணம் அண்ணை கையைக் காட்டினார். அவர் மனேஜரைப் பார்த்தார், மனேஜர் பேஸ்ட்ரியைப் பார்த்தான். பிரச்சினை அந்த இடத்திலேயே தீர்ந்தது.

பின்னறையில் குணம் அண்ணை வைரவர் படம் ஒன்று வைத்திருந்தார். வைரவருக்கு வாகனம் நாய், பிடித்தது வடைமாலை. ஒரு தைமாதம் தானே உளுந்து அரைத்து, சுட்டு, நூலில் கோத்துச் சாத்தினார். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வைரவர் ஏத்துக்கொண்டிட்டார்" என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்டு.

"அண்ணை, மனேஜரின்ரை மீசையிலை உளுந்து கிடக்கு."

அண்ணை குனிந்து பார்த்தார். "வாகனம் திண்டால் சாமி திண்ட மாதிரித்தான்ரா."

அன்றிலிருந்து மனேஜர் நாய் பிஸ்கட்டை முகர்ந்தும் பார்த்ததில்லை.

பிறகு முதலாளி ஷெட்டை விற்றார். வாங்கியவருக்கு நாய் வேண்டாம். காப்பகத்துக்கு அனுப்பலாம் என்றார். வயதான, கறுத்த, வடை தின்கிற நாயைக் காப்பகத்திலிருந்து யார் எடுப்பார்கள்? குணம் அண்ணை விம்பிள்டனுக்கு போன் எடுத்தார். மலர் அக்காவுக்கு நாய் என்றால் கால் நடுங்கும். ஊரில் ஆமிக்காரர் நாய்களோடு வீடு வீடாகப் புகுந்த நாட்களில் பிடித்த நடுக்கம் அது. அக்கா சொன்னாராம்: "வீட்டை நேரை கொண்டு வராதேங்கோ. எங்கையாவது வெளியிலை வைச்சுப் பாக்கிறன். மனம் ஒப்பினால் வரட்டும். இல்லாட்டி காப்பகம்தான். பிறகு என்னோடை கோவிக்கேலாது."

கொண்டுபோவது எப்படி? மனேஜர் வாகனத்தில் ஏறமாட்டான். பெற்றோல் ஷெட்டில் வளர்ந்தவன், வாகனம் என்றால் வரும், குடிக்கும், போகும் என்றுதான் அவனுக்குத் தெரியும். ஆனால் ஷெட்டின் பின்னால் யாரோ போட்டுவிட்டுப் போன பச்சை நிறக் கனூப் படகு ஒன்று கிடந்தது, ஊரில் நாங்கள் வள்ளம் என்போமே, அதன் ஒடுங்கிய தம்பி. மனேஜர் படுப்பது அதற்குள்தான். வள்ளத்தை நாயோடு தூக்கி ஒரு வான் வண்டியில் வைத்துப் பார்த்தோம். எஞ்சின் உறுமியதும் குதித்துவிட்டான்.

"ஆறு லண்டனுக்குத்தானே போகுது" என்றார் குணம் அண்ணை.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மழைக்கு ஓடி வெயிலுக்குக் காணாமல் போகிற ஒன்றை ஆறு என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்வோம். நான் என் வாழ்க்கையில் ஒரே ஓர் ஆற்றைத்தான் கடந்திருந்தேன், ஒரு நாட்டு எல்லையில், இருட்டில், காற்றடைத்த படகில், மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது என்ற கட்டளையோடு. அதனால் தேம்ஸில் முதல் நாள் முழுக்க நான் குசுகுசு என்றே பேசியிருக்கிறேன்.

"ஏன்டா மெதுவாக் கதைக்கிறாய்?"

"ஆத்திலை இப்பிடித்தானே அண்ணை."

புது வாகனத்துக்குச் செய்வதுபோல் அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, வள்ளத்துக்கும் மனேஜருக்கும் திருநீறு பூசிப் புறப்பட்டோம். எதிர்க்காற்று. எவ்வளவு துடுப்பு வலித்தும் கரையில் நின்ற அதே மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கடலேரிக் கரையில் பிறந்தவன். ஆற்றைத் தெரியாவிட்டாலும் தண்ணீரைத் தெரியும் என்ற திமிர் இருந்தது. கடல் ஏறுவதைப் பெருக்கு என்போம், இறங்குவதை வத்து என்போம்.

"இது பெருக்கு நேரம் அண்ணை. வத்துத் தொடங்கட்டும், இழுத்துக்கொண்டு போகும்."

கரையில் ஏறிக் காத்திருந்தோம். சம்பலும் பாணும் தின்றோம். பொழுது சாயும்வரை காத்திருந்தோம். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த கிழவர் கடைசியில் பொறுக்கமுடியாமல் எதற்காக இருக்கிறீர்கள் என்று கேட்டார். கடல் வற்றுவதற்காக என்றேன். அவர் தேநீர்ப் போத்தலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, இந்த ஆற்றுக்குக் கடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்றார்.

குணம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "இனி இவன் தண்ணியைப் பற்றி வாயே திறக்கப்படாது."

அந்தக் கட்டளையை மறந்துவிடாதீர்கள்.

முதல் மதகில், லொக் என்பார்கள், ஆற்றையே கதவு போட்டு மூடியிருந்தார்கள். கவுன்சில் வேலை, ஆற்றைப் பூட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தோம். லொக் காவல்காரப் பெண் சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே விட்டு, தண்ணீரை இறக்கி, கீழ்ப்பக்கக் கதவைத் திறந்தாள். மனேஜருக்குக் கீழே இறங்குவது பிடிக்கவில்லை. மேலேயே குதித்து அவளோடு நடந்து, அவள் திருகுவதையெல்லாம் மேற்பார்வை பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தில் வந்து ஏறிக்கொண்டான். ஒவ்வொரு லொக்கிலும் இதுதான். நாங்கள் மழையில் ஒழுகுகிற கூடாரத்தில் முதுகு விறைத்துக் கிடந்தபோது, அவன் ஆறு முழுவதற்கும் மனேஜராகிவிட்டான்.

ஆனால் குணம் அண்ணைக்கு வழியைவிட மலர் அக்காதான் கவலை. ஒக்ஸ்போர்ட் தாண்டியதும் பயிற்சி தொடங்கியது. புல்வெளியில் நான் துவாயைத் தோளில் முந்தானைபோல் போட்டுக்கொண்டு நடந்துவர வேண்டும். மனேஜர் பாயாமல், குரைக்காமல், உட்கார்ந்து முன்காலைத் தரவேண்டும்.

"மலர், இஞ்சை பார், எவ்வளவு அமைதி" என்பார் அண்ணை.

"ஓமப்பா, எனக்குப் பயமில்லை" என்பேன் நான், குரலை மெலிதாக்கி.

மனேஜர் ஓடிவந்து என்னை விழுத்தி, நெஞ்சில் ஏறி முகத்தை நக்குவான். நடக்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று நின்று பார்த்துவிட்டு, மூன்றாவது தடவையும் நான் விழுந்தபோது கைதட்டியது. "மலர் இப்பிடி விழுந்தால் எல்லாம் முடிஞ்சுது" என்றார் அண்ணை. அன்று அவர் சாப்பிடவில்லை.

டெடிங்டன் லொக்கில் காவல்காரர் ஏதோ நீளமாக எச்சரித்தார். குணம் அண்ணை முழுவதற்கும் "யெஸ், யெஸ்" என்றார். அதன்பிறகு வள்ளம் பறந்தது. இவ்வளவு நாளும் வலித்து வலித்துக் கைதேறிவிட்டது என்று நினைத்தோம். அக்காவை வரச்சொல்லியிருந்த பட்னியில், தண்ணீருக்குள் இறங்குகிற சரிவில் மூக்கை ஏற்றி நிறுத்தினோம். மேலே, வேலை முடிந்த கறுப்புக் காற்சட்டையோடு, கையில் ஒரு பையோடு மலர் அக்கா நின்றார். மிகத் தூரத்தில் நின்றார்.

"நீ வள்ளத்துக்குள்ளையே இரு" என்று மனேஜருக்குச் சொல்லி, புதிதாகத் திருநீறும் பூசிவிட்டு அண்ணை ஏறிப்போனார். நான் தண்ணீரைப் பார்த்தேன். சற்றுமுன் காய்ந்து கிடந்த கல் ஒன்று நனைந்திருந்தது.

"அண்ணை, இது பெருக்கு மாதிரிக் கிடக்கு."

"வாயை மூடு!"

மூடினேன். டெடிங்டனுக்குக் கீழே இந்த ஆற்றுக்குக் கடல் எங்கே என்று தெரியும், காவல்காரர் எச்சரித்ததும் அதைத்தான். பெருக்கு தன் வேலையைச் செய்தது. வள்ளத்தின் மூக்கு மெதுவாகக் கிளம்பி, திரும்பி, வந்த வழியே லெச்லேட்டை நோக்கிப் புறப்பட்டது. நடுவில் மனேஜர், நெற்றியில் திருநீறோடு, நிமிர்ந்து இருந்தான். அண்ணை கரையோரமாக ஓடினார், நான் அவர் பின்னால். துடுப்புப் படகை எட்டுப் பேர் தலையில் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்கள், அண்ணை அதன் கீழே புகுந்து மறுபக்கம் வந்து சேற்றில் விழுந்தார். கொஞ்சத் தூரத்தில் வள்ளம் ஒரு மிதவையில் முட்டிச் சுழன்றது. அப்போதுதான் மனேஜர் ஊளையிட்டான். அதுவரை அவன் ஊளையிட்டு நாங்கள் கேட்டதில்லை.

எங்களைத் தாண்டி ஒருவர் போனார். மலர் அக்கா. வேலைச் சப்பாத்தோடு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, பையிலிருந்து ஒரு வடையை எடுத்தார். பட்டினியாக வரும் புருசனுக்குச் சுட்டுக்கொண்டு வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். கால் நடுங்குவது கரையிலிருந்த எங்களுக்கே தெரிந்தது.

"வா" என்றார். "இஞ்சை வா ராசா."

மனேஜர் குதித்தான். நீந்தி வந்தான். அவர் விரல்களிலிருந்து வடையை மெதுவாக, ஒரு பல்லும் படாமல் வாங்கினான். பிறகு தேம்ஸ் முழுவதையும் அவர்மேல் உதறினான். அக்கா கண்ணைத் திறந்தார்.

"இந்த நாத்தத்தோடை பஸ்ஸிலை ஏத்தமாட்டினம்" என்றார். "நடவுங்கோ, வீட்டை போவம்."

வள்ளத்தை மறுநாள் யாரோ இழுத்து வந்து கொடுத்தார்கள். அண்ணையும் அக்காவும் சட்டனில் வீடு வாங்கியபோது அதில் மண் நிரப்பி மிளகாய் நட்டார்கள். மனேஜர் மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் படுத்து வயதானான், ஒரு குளிர்காலத்தில் அதற்குள்ளேயே போனான். வள்ளம் உக்கி, கவுன்சில் லொறியில் போனது. ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி. குணம் அண்ணைக்கு முழங்கால் ஏலாது. ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், "நான் அப்பவே சொன்னனான், அது பெருக்கு எண்டு" என்கிறார். நான் மறுப்பதில்லை. வாயை மூடச் சொன்ன கட்டளையை அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை.

போன மாதம் சட்டனுக்குப் போனேன். மலர் அக்கா வடை சுட்டார். முதல் வடையைப் பின்கதவுப் படியில் வைத்துவிட்டு வந்தார். கண்ணாடிக்கு அப்பால் ஒரு நரி வந்து அதைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"நரியெல்லே திண்டிட்டுப் போகுது அக்கா" என்றேன்.

"தெரியும்" என்றார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே தன் விரல் நுனிகளைப் பார்த்தார். "வைச்சிட்டு உள்ளை வந்தால்தான் அது எடுக்கும். கையாலை வாங்காது."