கருங்குழியில் கதவு திறந்த வீடு

காலை ஐந்தரை மணிக்குச் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் டீ. விலை பதினைந்து ரூபாய். குடித்தது நான் மட்டும்தான். செவ்வாடை உடுத்தி, தலையில் இருமுடி சுமந்து மேல்மருவத்தூருக்கு நடக்கக் கிளம்பிய என் மனைவி வசந்தா, ஒரு மிடறு தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மொத்தம் முப்பத்தாறு கிலோமீட்டர். மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதற்கான வேண்டுதல். வண்டி ஏறக் கூடாது. நான் வெறும் துணை. அதுவும் முனகிக்கொண்டே வந்த துணை.

ஏழரை மணிக்குப் பாலாற்றுப் பாலம். வழியெங்கும் பந்தல் போட்டு மோர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வசந்தா மறுத்தாள்.

"என்னடி, உண்ணாவிரதமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"குடிச்சா அப்புறம் எங்க போறது? நீங்க ஆம்பள, ரோட்டோரம் நின்னுடுவீங்க."

சுருக்கென்றது. முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் இது என் மண்டையில் ஏறவில்லையே!

பதினோரு மணிக்குக் கருங்குழி. வெயில் மண்டையைப் பிளந்தது. வசந்தா கண் இருட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏறிவிடலாம் என்றேன்; அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் சாலையோர வீடொன்றின் வாசலில், சாக்கட்டியால் எழுதிய பலகையைப் பார்த்தேன். 'சக்திமார்களே, பாத்ரூம் உள்ளே. கேக்கவே வேணாம்.' கதவுக்கு மேலே ஒரு சிலுவை.

வீட்டுக்காரம்மா ஸ்டெல்லாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு நிற்கிறார். செவ்வாடைக்காரர்கள் ஒருவரையொருவர் அழைப்பதைப் போலவே அழைத்தார்.

"வா சக்தி, இன்னாத்துக்கு அங்கியே நிக்கிற?"

வசந்தா தயங்கினாள். கவுச்சி புழங்கும் வீட்டில் இருமுடியை இறக்கலாமா? ஸ்டெல்லாவுக்குச் சொல்லாமலே புரிந்தது.

"தை பொறந்ததுலேர்ந்து இந்த வூட்ல மீன் வாசனையே கெடியாது. எம் புருசன்தான் பேஜாரு பண்ணிகினு கீறாரு!"

மஞ்சள் துணி விரித்த முக்காலியைக் காட்டினார். தான் தொடாமல், "நீயே எறக்கி வெச்சிக்க" என்றார்.

வசந்தா உள்ளே போய்வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கினாள். பிறகு தயிர்சாதம். அவள் முகத்தில் உயிர் வந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இவங்க வேற சாமிக்கு நடக்கிறவங்களாச்சேம்மா?"

"பசியா இருந்தேன், தாகமா இருந்தேன், நீங்க குடுத்தீங்கன்னுதான் சார் ஏசு சொன்னாரு. எந்தக் கோயிலுக்குப் போற தாகம்னா சொன்னாரு? எங்கம்மா கூலிக்கு நடவு நடப் போவும். இருட்டுற வரிக்கும் அடக்கிகினு கெடக்கும். மோரு குடுக்க ஆயிரம் பேரு கீறாங்க. பொம்பளைக்கு இது யாரு குடுக்கிறா?"

கையெடுத்துக் கும்பிட்டேன். வேறென்ன செய்ய!

கிளம்பும்போது ஊரைக் கேட்டார். மாமல்லபுரம், ஈசிஆர் மேலேயே வீடு என்றேன்.

"அட! எந் தங்கச்சி ஆகஸ்ட்ல மெட்ராஸ்லேர்ந்து வேளாங்கண்ணிக்கு நடக்கும். உங்க வூட்டாண்டதான் போவும்!"

"கண்டிப்பா வரச் சொல்லுங்க" என்றாள் வசந்தா. நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மாலை ஐந்தரைக்கு வசந்தா நடந்தே கோயில் வாசலை மிதித்தாள். சிரித்தாள், அழுதாள். அவளோடு சேர்ந்து சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. போன ஆகஸ்டில், காவிப் புடவை கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்துபோன ஒரு பெண் எங்கள் கேட்டருகே நின்று, "அண்ணா, பாத்ரூம் போய்க்கலாமா?" என்று கேட்டார். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையை நிமிர்த்தி எங்கள் மாடியைப் பார்த்தார். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.