வரைபடத்தில் இல்லாத சமையலறை

க்ராக்டன் ஊரில் யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் நோரீன் க்ராப்ட்ரீக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆள் சின்ன வயதில் சாப்பிட்ட விதம்தான். முப்பத்து மூன்று வருஷம் ஊர்ப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைத்து, கரண்டியும் கையுமாக நின்று பரிமாறியவள். தபால்காரன் கேரட்டைக் காலுறைக்குள் ஒளித்தவன். அவன் கையில் பார்சல் கொடுக்க இன்றும் யோசிப்பாள். பல் வைத்தியர் மூன்று தடவை கஸ்டர்டு கேட்டு வரிசையில் நின்றவர். அவர் ஊசியை எடுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வந்து சிரித்துவிடுவாள்.

இந்த அளவுகோல் தன்னை ஒருநாளும் கைவிட்டதில்லை என்று சொல்லிக்கொள்வாள். ஒரே ஒரு தடவை கைவிட்டது. அது வீடு வாங்கும்போது.

முன்னூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவளுக்குச் சொந்தமாக வாய்த்த அடுப்படியோ வாடகை வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரு மூலை. அடுப்பின் கதவைத் திறந்தால் முழங்கால் இடிக்கும். உட்கார்ந்து வெங்காயம் உரிக்க இடம் கிடையாது. அறுபத்தோரு வயதில் ஓய்வு பெற்றதும், வந்த தொகையையும் சேமிப்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, உட்காரும்படியான ஒரு சமையலறை வேண்டும் என்று தேடத் தொடங்கினாள். வீடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

வில்ஃப் ஷாக்கிள்டனின் வீட்டில் அது இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் சமதரை கிடையாது. மலைச்சரிவில் ஒரு வீட்டின் தலைமேல் இன்னொரு வீட்டைக் கட்டியிருப்பார்கள். கீழ்வீட்டுக்குக் கீழ்த்தெருவில் வாசல், மேல்வீட்டுக்கு மேல்தெருவில் வாசல். வில்ஃபுடையது மேல்வீடு. அதன் பின்புறம், கீழ்வீட்டு ஐவி பார்க்கரின் துணி துவைக்கும் கொட்டகைக்கு மேலே, துருத்திக்கொண்டு நின்றது சமையலறை. பெரிய ஜன்னல், கால்வாய், எதிர்மலை, ஆறு பேர் உட்காரும் மேஜை. நோரீன் அந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடித்தாள். மற்ற அறைகளை அவள் பார்த்தாளா என்பதே சந்தேகம்.

வில்ஃபுக்கு எழுபத்தொன்பது வயது. கடலோரத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்ன வீடொன்று அவருக்காகக் காத்திருந்தது. விலை பத்து நிமிஷத்தில் படிந்தது. இனி வக்கீல் வேண்டும். அந்த நாட்டில் வீடு கைமாற வக்கீல்தான் பத்திரம் படித்து, வில்லங்கம் பார்த்து, இருதரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ள வேண்டும். அது கைமாறும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை.

வீட்டுத் தரகர் ஒரு பெருநகரக் கம்பெனியின் பெயரைச் சொன்னார். தொலைபேசியில் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் எடுப்பானாம்.

"மொகம் தெரியாதவன்கிட்ட என் சமையல்கட்டக் குடுக்க மாட்டேன்" என்று நோரீன் எழுந்து வந்துவிட்டாள்.

உள்ளூரில் இருந்தது இரண்டே வக்கீல்கள். இருவருமே அவள் கையால் சாப்பிட்டவர்கள். ஏட்ரியன் தார்ன்பர் தட்டை வழித்துச் சாப்பிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு மிஸஸ் க்ராப்ட்ரீ" என்று சொல்லாமல் நகராத பிள்ளை. ஈரலைப் போட்டாலும் அதையேதான் சொல்வான். இன்னொருத்தி ஹாரியட் அட்லி. எதைப் போட்டாலும் முள்கரண்டியால் புரட்டி, அடியில் பார்த்து, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்பாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் பசியோடு நிற்பார்கள்.

ஒருநாள் மீன் பை, அதாவது மேலே உருளைக்கிழங்கு மசியல் மூடிச் சுட்ட மீன். ஏழு வயது ஹாரியட் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த மீன் எப்ப வாங்கினது?" என்றாள். நோரீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாப்பாட்டக் கேள்வி கேக்கக் கூடாது. சாப்பிட்டுட்டு எந்திரி" என்று சொல்லி உட்கார வைத்தாள். அந்தக் குழந்தை ஒரு வாய்கூடத் தொடாமல், அழவும் செய்யாமல், கடைசி மணிவரை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. மறுநாள் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் வரவில்லை. ஹாரியட் மட்டும் தட்டோடு வரிசையில் நின்றாள். நோரீன் அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டு துண்டு கேக் வைத்தாள். அதைப் பற்றி அப்புறம் யாரிடமும் பேசியதில்லை.

ஆக, நோரீன் ஏட்ரியனிடம் போனாள். வேறென்ன செய்வாள்?

ஏட்ரியன் கழுத்துப்பட்டி கட்டி, பிஸ்கட் வைத்து, வானிலை விசாரித்து வரவேற்றான். சின்னவனாக இருந்தபோது 'நீ' என்று கூப்பிட்டவனை இப்போது 'நீங்க' என்றுதான் கூப்பிட வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது, "ஒண்ணும் அவசரமில்ல கண்ணு, ஒங்களுக்கு எப்ப ஒழியுதோ அப்பப் பாருங்க" என்றாள். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவசரம் என்று சொல்வது பிறத்தியார் வீட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்பது மாதிரி.

ஒன்பது வாரம் போனது. நடுவில் இரண்டு தடவை நோரீன் கடிதம் எழுதினாள். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கி, "அவசரமில்லை" என்று முடித்தாள். ஏட்ரியனும் அருமையாகப் பதில் எழுதினான்.

பத்தாவது வாரம் வில்ஃப் வந்தார். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு கால் மணிநேரம் மழையைப் பற்றிப் பேசினார். காய்ந்த கோடையைப் பற்றிக் கொஞ்சம். பிறகு, "தப்பா எடுத்துக்கக் கூடாது... அந்தக் கடலோர வீட்டுக்காரங்க இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். அதான், சும்மா காதுல போட்டு வெக்கலாம்னு" என்றார்.

அவர் போகாவிட்டால் வீடு விற்காது. விற்காவிட்டால் சமையலறை இல்லை. இன்னும் பதினாறு நாள். நோரீன் கோட்டைக்கூட மாட்டாமல் ஏட்ரியன் அலுவலகத்துக்கு ஓடினாள்.

அடுக்கின் அடியிலிருந்து கோப்பு வெளியே வந்தது. அதில் மொத்தம் நான்கே தாள்கள். "உங்கள் வசதிப்படி பத்திர நகலை அனுப்பவும்" என்று ஏட்ரியன் வில்ஃபின் வெளியூர் வக்கீலுக்கு எழுதியிருந்தான். நகலை அனுப்பிய அவர், "உங்கள் வசதிப்படி பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். அதோடு இருவரும் வசதியாக இருந்துவிட்டார்கள்.

"அவசரமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க மிஸஸ் க்ராப்ட்ரீ" என்றான் ஏட்ரியன், நிஜமான வருத்தத்தோடு. "மூணு தடவ சொன்னீங்க."

"அப்படிச் சொன்னா அவசரம்னு அர்த்தம்டா!" முப்பது வருஷத்துக்குப் பிறகு 'டா' தானாக வந்துவிட்டது.

ஏட்ரியன் நல்லவன், அவன்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. கோப்பை ஓர் உறையில் போட்டுக் கையில் கொடுத்தான். "ஹாரியட்கிட்டப் போங்க. அவளப் பத்திக் கொறை சொல்லாத ஆளே இல்ல. ஆனா பதினாறு நாள்ல முடிப்பா."

ஹாரியட்டின் அலுவலகம் ரொட்டிக்கடை மாடியில். பிஸ்கட் இல்லை, வானிலை இல்லை.

"ஏன் மொதல்லயே எங்கிட்ட வரல?"

"நீ சாப்புடுற லட்சணம் எனக்குப் பிடிக்காது" என்று நோரீன் உள்ளதைச் சொல்லிவிட்டாள். இவளிடம் 'நீங்க' வரவேயில்லை.

ஹாரியட் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நான்கு தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகலோடு இருந்த வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள், வேறு வார்த்தைகளில்.

"இதுல சமையலறை எங்க இருக்கு?"

"பின்னாடி. கால்வாயப் பாத்தாப்புல."

"பின்னாடி செவுரோட வீடு முடிஞ்சுபோச்சு. அதுக்கு அந்தப்பக்கம் எல்லாம் கீழ்வீட்டுக்காரங்களோடது. கொட்டக, அதோட கூர, கூரைக்கு மேல இருக்கற காத்து உட்பட. இதுல கையெழுத்துப் போட்டா நீங்க சமையல்கட்டு இல்லாத வீட்டத்தான் வாங்குவீங்க."

நோரீன் வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் வாங்க நினைத்ததே அந்தச் சமையலறையைத்தானே. கடன் இல்லாமல் கைக்காசில் வாங்குவதால் இதைப் பார்க்க வங்கிக்காரன்கூட இல்லை. ஏட்ரியன் கையில் இருந்திருந்தால் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி முடித்திருப்பான்.

ஹாரியட் அளவு நாடாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பொதுவாக வக்கீல்கள் நாற்காலியை விட்டு எழுந்து வீடு பார்க்கப் போவதில்லை. இவள் போனாள்.

வில்ஃப் கதவைத் திறந்தார். ஹாரியட் நேராகவே கேட்டாள்: "இந்தச் சமையலறை யாரோடது?"

வில்ஃபின் முகம் சிவந்தது. "ஓ. அதுவா" என்றார்.

அவருக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன் ஐவியின் கணவர் கீழ்வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "கட்டிக்கோ வில்ஃப்" என்று சொன்ன ஒற்றை வார்த்தையில் எழும்பிய சமையலறை அது. அந்த மனிதர் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். எழுதி வாங்குவதற்கு, துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது? ஒரு வருஷம் போகட்டும் என்று இருந்தார். நாற்பது போய்விட்டது.

மூவரும் படியிறங்கிக் கீழ்த்தெருவுக்குப் போனார்கள். ஐவி பார்க்கர் மாவு அப்பிய கையோடு வாசலில் நின்றாள். ஹாரியட் வரைபடத்தை விரித்து விஷயத்தைச் சொன்னாள். நோரீன் ஐவியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் மாட்டேன் என்று சொன்னால் அவ்வளவுதான்.

"கடைசியில ஒரு ஆளாவது வாயத் தொறந்து கேட்டீங்களே" என்றாள் ஐவி. "எழுதிக் குடுக்கறேன். ஆனா அந்தக் கொழாய மாத்தணும்."

"எந்தக் கொழாய்?" என்றார் வில்ஃப்.

ஐவி விரலை நீட்டினாள். மேல் சமையலறையின் கழிவுநீர்க் குழாய் அவள் வாசற்படியில் நேராக வந்து முடிந்திருந்தது. கல் அரித்துக் குழி விழுந்திருந்தது.

"நாப்பது வருஷமாவா? ஏன் ஐவி சொல்லல?"

"நீங்க கேக்கல. நானா எப்படிச் சொல்றது, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட!"

வில்ஃப் தொப்பியைக் கழற்றிவிட்டார். நோரீனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அதில் பாதி பயம் தெளிந்த சிரிப்பு. ஹாரியட் மட்டும் சிரிக்காமல் குழாயின் நீளத்தை அளந்துகொண்டிருந்தாள்.

ஐவிக்குத் தனியாக ஒரு வக்கீல் இருந்தால்தான் முறை என்று ஹாரியட் சொல்லிவிட்டாள். ஊரில் மிச்சமிருந்தது ஏட்ரியன்தான். ஹாரியட் அவன் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, "எனக்கு அவசரம்" என்று சொல்லி உட்கார்ந்தாள். ஏழு வயதிலேயே கடைசி மணிவரை உட்கார்ந்து பழகியவள். ஏட்ரியன் அவள் எழுதிய பத்திரத்தை அன்றைக்கே படித்து, திருத்தி, நீட்டிவிட்டான். மேலே சமையலறை நோரீனுக்கு, கீழே கொட்டகை ஐவிக்கு, இடையில் இருக்கும் கூரையை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், குழாய் தெருச்சாக்கடைக்கு. எல்லாவற்றிலும் கையெழுத்து ஆனது. இருபத்தொன்பதாம் தேதி ஒப்பந்தம் கைமாறியது. முப்பத்தொன்றாம் தேதி மதியம் தரகர் கடையில் சாவி நோரீன் கைக்கு வந்தது. வில்ஃப் அதே மதியம் கடலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோரீன் ஹாரியட்டைச் சாப்பிடக் கூப்பிட்டாள். என்ன சமைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மீன் பை செய்தாள்.

ஹாரியட் மேஜையில் உட்கார்ந்தாள். முள்கரண்டியை எடுத்தாள். மேலே இருந்த உருளைக்கிழங்கைப் புரட்டி, அடியில் பார்த்து, குனிந்து முகர்ந்தாள். பிறகுதான் தான் செய்வது உறைத்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"கேளு" என்றாள் நோரீன்.

"இதுல என்ன இருக்கு மிஸஸ் க்ராப்ட்ரீ?"

நோரீனும் எதிரே உட்கார்ந்தாள். "காட் மீனு. இன்னிக்குக் காலைல வாங்கினது, ரசீது அந்த டப்பாவுக்கு அடில இருக்கு. பாலு, வெங்காயத் தழ, வெண்ண. உருளக்கெழங்கு ஐவி குடுத்தது." அவள் ஹாரியட்டின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கி அந்த மீனு கெட்டுப்போயிருந்துச்சு கண்ணு. நீ கேட்டப்பவே நான் மோந்து பாத்திருக்கணும். உன்ன உக்கார வெச்சது என் தப்பு. முப்பது வருஷம் கழிச்சுச் சொல்றேன்."

"ரெண்டு துண்டு கேக் வெச்சீங்களே, அன்னிக்கே தெரியும்" என்றாள் ஹாரியட். ஒரு வாய் எடுத்தாள். மெதுவாக மென்றாள். ஜன்னலுக்கு வெளியே கால்வாயில் ஒரு படகு போனது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள்.

முப்பத்து மூன்று வருஷத்தில் அதை அவளிடம் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. நோரீன் ஹாரியட்டின் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கம்மிதான். எழுந்து போய் உப்பை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.