வயிற்றுவலி என்று நாங்கள் சொன்ன நோய்

என் அண்ணன் தானியேல் எதனால் இறந்தார் என்று, அடக்கம் செய்த அன்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. வயிற்றுவலி என்று சொல்லியிருந்தோம். கல்லறை மேட்டில் போதகரும் அப்படியே சொல்லி ஜெபித்தார். அழுகையோடு ஆமென் சொன்னோம். பிரியமானவர்களே, அந்த ஆமென் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. அதை இறக்கிவைக்கத்தான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன்.

போடி பஜாரில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து இறங்கும் காயைச் சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி அனுப்புவோம். அண்ணன் தனியாளாக மூட்டை தூக்குவார். தோளெல்லாம் ஏல வாசனை. அவருக்கு ஒரு பக்கத்து விரை கனத்தது. "வலின்னு இல்லடா. கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொன்னார். உடம்புச் சூடு என்றேன். விளக்கெண்ணெய் தேய்த்தார். கால் பெருவிரலில் இரும்பு வளையம் போட்டால் விரை வீக்கம் வற்றிவிடும் என்பது மூட்டை தூக்குகிறவர்களின் நம்பிக்கை. அதையும் போட்டுக்கொண்டார்.

வளையம் கிடந்தது. வீக்கம் வளர்ந்தது. பிறகு முதுகு வலித்தது, வயிறு வலித்தது, இருமல் வந்தது. ஜெபக்கூட்டத்தில் வயிற்றுவலி என்றே விண்ணப்பம் வைத்தோம். வேறு எந்தச் சொல்லை அந்தப் பாயில் உட்கார்ந்து சொல்வது? சபை உபவாசம் இருந்து அந்த வயிற்றுக்காக மன்றாடியது.

எமர்ஜென்சிக்கு முந்தின ஐப்பசி. மழை விடவேயில்லை. அண்ணனின் பெட்டியைக் குழியில் இறக்கினோம். மண் விழுந்த பிறகு என் மதினி, அண்ணனின் மனைவி, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த வளையத்தையாச்சும் கழத்தியிருக்கலாம்ல?"

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. குளிக்கும்போது என் கை பட்டது. ஒரு பக்கம் கல்லாக இருந்தது. வலி இல்லை. அடிவயிற்றில் ஒரு மெல்லிய இழுப்பு, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற மறந்து நின்றேன். அண்ணனின் கல் என்னிடம் வந்துவிட்டது.

அவர் வளையம் போட்டும் பிழைக்கவில்லையே என்று கேட்பீர்கள். "முத்தின பெறகு போட்டா எப்படிக் கேக்கும்? ஆரம்பத்துலயே போடணும்" என்றார்கள் கடையில். பயந்தவனுக்கு அது போதும். போட்டுக்கொண்டேன். என் மனைவி சாராள் கேட்டபோது வயிற்றுச் சூட்டுக்கு என்றேன்.

நடை மாறியது. எதிர்க்கடைக்காரர் உரக்கக் கேட்டார்: "ஏலே, என்ன இப்பிடி அகட்டி நடக்குற? குதிரை கிதிரை வாங்கிட்டியா? கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு மிடுக்கு இல்லையேலே!" பஜாரே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே போய், காய் மூட்டையில் முகம் புதைத்து அழுதேன். தனி ஜெபத்தில்கூட அந்தப் பெயரைச் சொல்ல நா எழவில்லை. 'ஆண்டவரே, அதை நீக்கும்' என்றேன். அதை. என்னைப் படைத்தவரிடமே எனக்கு வெட்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஆண்கள் ஒரு பாய், பெண்கள் ஒரு பாய். வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது. "வயித்துவலிக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

பெண்கள் பாயின் ஓரத்தில் வெள்ளைச் சேலையில் மதினி. அவர் கண் என் காலுக்கு வந்தது. வளையத்தில் நின்றது. எழுந்துவிட்டார்.

"வயிறு இல்ல" என்றார். "இவுக அண்ணனுக்கும் வயிறு இல்ல. விரையில கட்டி. வெக்கப்பட்டுக்கிட்டு வயிறுன்னு சொன்னோம். நீங்களும் வயித்துக்கே ஜெபம் பண்ணீக. கர்த்தருக்குத் தெரியும், சரி. ஆசுபத்திரிக்குத் தெரியாமப் போச்சே!"

"ஏ ஆத்தா, உக்காரு. பொம்பளை பேசுற பேச்சா இது?" என்று ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பொம்பளைதான தாலியறுத்தேன்? நாந்தான் பேசணும். கொழுந்தனாரே, கழத்துங்க அதை."

நான் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன். சாராள்தான் ஆண்கள் பாய்க்கு வந்தாள். எல்லோர் முன்னிலையிலும் என் காலடியில் உட்கார்ந்து, எண்ணெய் தடவி, அந்த வளையத்தை இழுத்துக் கழற்றினாள். அவள் கண்ணீர் என் பாதத்தில் சுட்டது.

போதகர் ஜெபிக்க வாயெடுத்தார். நிறுத்தினார். "காலையில மொத பஸ்ஸுக்கு மதுரைக்குக் கெளம்புங்க. நானும் வாரேன். மிச்ச ஜெபத்தை பஸ்ஸுல பண்ணிக்குவோம்" என்றார்.

மதினியும் சாராளும்கூட வந்தார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டரின் முகம், தொட்டுப் பார்த்த உடனே மாறியது. "அடிபட்டாலும் வலிக்கும், கிருமி சேர்ந்தாலும் வலிக்கும். அதுக்கெல்லாம் மருந்து இருக்கு. திடீர்னு உயிர்போற மாதிரி வலிச்சா விரை முறுக்கிக்கிட்டிருக்கும். ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனா வலிக்காத கட்டிதான் ஆளை ஏமாத்துறது. இது புத்துநோய்க் கட்டி. நல்லவேளை, இன்னும் மேலே வயித்துக்கோ நெஞ்சுக்கோ ஏறலை" என்றார்.

அந்தப் பக்கத்து விரையை எடுத்துவிட்டார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள். கதிர் பாய்ச்சுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஒரு விரை போதும், ஆம்பளைக்கு ஒரு குறையும் வராது என்றார் டாக்டர். சாராள் முதல்முறையாகச் சிரித்தாள்.

அப்போதுதான் மதினி கேட்டார்: "ஐயா, இவுக அண்ணனையும் இப்படி ஆரம்பத்துல கூட்டியாந்திருந்தா?"

டாக்டர் அவருடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தார். தலை குனிந்தார். மதினிக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அன்று கேட்கப்பட்டது என் ஜெபம் இல்லை. ஒரு விதவையின் துணிச்சலைக் கர்த்தர் தம் பதிலாக அனுப்பினார். ஏன் எனக்கு மட்டும், ஏன் அண்ணனுக்கு இல்லை? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதற்கு மட்டும் அவர் மௌனம். அந்த மௌனத்தோடேயே அவரை நேசிக்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது கூட்டம் முடிந்ததும் ஆண்கள் என்னை ஓரமாக அழைக்கிறார்கள். சின்னமனூரிலிருந்தும் ஜெயமங்கலத்திலிருந்தும் வருகிறார்கள். பலருக்கு எளிதில் தீருகிற வலிதான். யாராக இருந்தாலும் அவரோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தம்பிமாரே, உங்கள் வலியைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். சொன்ன வாயோடு டாக்டரிடமும் சொல்லுங்கள். கர்த்தர் உண்டாக்கின உடம்பில் அவர் கேட்கக் கூசுகிற இடம் ஒன்றுமில்லை.

ஞாயிறுதோறும் சபை வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். மதினி எனக்கு முன்னே வந்து நிற்பார். தோத்திரம் சொல்வதற்கு முன்னால் அவர் கண் என் கால் விரலுக்குப் போகும். வெறும் விரல். பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். நான் கொஞ்ச நேரம் வெளியிலேயே நிற்பேன். அண்ணனின் விரலோடு மண்ணுக்கடியில் இருக்கிற அந்த வளையம் எங்கள் இருவருக்கும் தெரியும்.