பன்னிரண்டாவது ஹாரன்

படகுச் சங்கத்தில் அவளை எல்லாரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற விஷயங்களில் அவள் அப்படியொன்றும் சுறுசுறுப்பில்லை. காலையில் அவளை எழுப்புவதற்குள் அம்மாவுக்குத் தொண்டை வறண்டுவிடும். பாய்மரப் படகில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் ஆளே வேறு. புறப்படும் ஹாரனுக்குக் காத்திருக்க அவளால் முடியாது. அணித் தேர்வுப் போட்டியின் முதல் நாளே முந்திக் கிளம்பி, ஓடிய ஓட்டமெல்லாம் கணக்கில் சேராமல் போயிற்று. மோசமான பந்தயம் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்பது விதி. இரண்டைக் கழிக்க விதியில்லை.

இன்று கடைசிப் பந்தயம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அணியில் சேர்ந்துவிடுவாள். அதற்காகத்தான் இரண்டு வருஷமாகக் கையெல்லாம் காய்த்துப் போயிருந்தது.

போதாக்குறைக்கு அம்மாவும் வந்திருந்தாள். தையல்கடையில் வேலை பார்க்கும் அம்மா, பாய் கிழிந்தால் பிசிறில்லாமல் தைத்துத் தருவாள். அதை விரிக்கிற இடத்துக்கு மட்டும் வரமாட்டாள். தண்ணீரென்றால் அப்படியொரு பயம். இன்றைக்கு என்னவோ மனசு கேட்காமல் வந்துவிட்டு, படகுக் கொட்டகைக்குள் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“நீ பாக்கவே வேணாம்மா. கிளம்பறப்போ அடிக்கறதை விட்டுடு. திரும்பி வர்றப்போ ஒவ்வொரு படகுக்கும் ஒரு ஹாரன் அடிப்பாங்க. பன்னிரண்டு கேட்டா எல்லாரும் பத்திரமா வந்தாச்சுன்னு அர்த்தம்.”

“பன்னிரண்டா?”

“பன்னிரண்டு.”

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

நடுவர் படகுக்கும் மிதவைக்கும் இடையில்தான் புறப்படும் கோடு. கண்ணுக்குத் தெரியாத கோடு. ஹாரன் அடித்தபோது அவள் கயிற்றை இறுக்கி இழுத்திருந்தாள். படகு சீறிக்கொண்டு கிளம்பிவிட்டது. உடனே இன்னொரு ஹாரன் கேட்டது. யாரோ முந்திவிட்டார்கள். பக்கத்துப் படகுக்காரன் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனான்.

அவன் மட்டும்தானா?

நடுவர் படகில் கொடி ஏறியிருக்கும். முந்தியவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, கோட்டை மறுபடி கடக்கும்வரை அதை இறக்கமாட்டார்கள். தலையைத் திருப்பினால் விஷயம் தெரிந்துவிடும். அவள் திருப்பவில்லை. பாய் மறைக்கிறது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். பாய் ஒன்றும் மறைக்கவில்லை.

அன்று வீசிய காற்று இருக்கிறதே, அப்படியொரு காற்றுக்கு எந்தப் படகோட்டியும் சொத்தை எழுதி வைப்பான். உடம்பை வெளியே சாய்த்துத் தொங்கினாள். முகத்தில் உப்புநீர் அறைந்தது. இதற்காகத்தானே பிறந்தோம் என்று இருந்தது. அடுத்த நொடியே அந்தக் கொடி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மிதவையிலும் ஒருவரைத் தாண்டினாள். தாண்டத் தாண்ட பயம்தான் கூடியது. கடைசி இடத்தில் வந்திருந்தால்கூட இவ்வளவு நடுங்கியிருக்கமாட்டாள்.

முடிவுக் கோட்டில் முதல் படகுக்கு ஹாரன் அடித்தது. இரண்டாவதுக்கும் அடித்தது. மூன்றாவதாக அவள் கடந்தாள்.

சத்தமில்லை.

நடுவர் அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பின்னால் வந்தவனுக்கு ஹாரன் முழங்கியது. அவள் படகைத் திருப்பிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் அலைதடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், பாயைத் தளர்த்திவிட்டு அழுதாள். யார்மேல் கோபப்படுவது? திரும்பிப் பார்க்காத கழுத்து அவளுடையது.

எவ்வளவு நேரமோ. பயிற்சியாளரின் மோட்டார் படகு அலறிக்கொண்டு வந்தது.

“இங்கயா இருக்கே? சீக்கிரம் கரைக்குப் போ! உங்கம்மா யார் சொல்லியும் கேக்கமாட்டேங்கறாங்க.”

சுவரைச் சுற்றி வந்ததும் பார்த்தாள். படகு இறக்கும் சரிவைத் தாண்டி, மார்பளவு தண்ணீரில் அம்மா நின்றிருந்தாள். குளியலறை வாளியில் தண்ணீர் தளும்பினாலே ஒதுங்குகிற அம்மா. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க, உதறிக்கொண்டிருந்தாள்.

பாயைத் தளரவிட்டு, அம்மாவின் அருகில் குதித்தாள். அம்மா அவள் முகத்தை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“பதினொண்ணுதான்டி அடிச்சுது. ரெண்டு தரம் எண்ணினேன். பதினொண்ணுதான்.”

“எனக்குத்தாம்மா அடிக்கலை. சீக்கிரம் கிளம்பிட்டேன்னு சேத்துக்கலை. நான் அணியில இல்லம்மா. எல்லாம் போச்சு.”

“அதுக்குத்தான் அடிக்கலையா?”

“ஆமா.”

“அவ்வளவுதானா?”

அவ்வளவுதானா! இரண்டு வருஷத்தை, இன்றைய காற்றை, திரும்பாத கழுத்தை எல்லாம் சொல்லிக் கத்த வேண்டும்போல வாய் திறந்தாள். அலை ஒன்று வந்து இருவரையும் தள்ளியது. அம்மா கண்களை இறுக மூடி, அவள் மிதவைச்சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

“அவ்வளவுதாம்மா,” என்றாள்.