அக்கரைக்குப் போகாத மஞ்சள் கயிறு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். பாடத்தில் ஜெர்மானிய மொழிகளின் வரலாறு வருகிறது. வடகடலோரம் ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்த ஜனங்கள் பிரிந்துபோன கதை அது. சிலர் படகேறிக் கடலைத் தாண்டினார்கள். அவர்கள் பேச்சு ஆங்கிலம் ஆயிற்று. சிலர் தெற்கே மலைப்பக்கம் போனார்கள், அங்கே ஜெர்மன். இங்கே 'வாட்டர்' என்றால் அங்கே 'வாஸர்'. அதற்கும் முன்பே, பழைய 'ப' இவர்கள் எல்லோர் வாயிலும் 'ஃப' ஆகிவிட்டதாம். லத்தீன்காரர்களுக்குப் 'பாத்தெர்' என்றால் இவர்களுக்கு 'ஃபாதர்', 'ஃபாட்டர்'. புத்தகத்தில் ஒரு மரம் வரைந்து கிளைகிளையாகப் பெயர் எழுதியிருக்கிறார்கள். படகு போன பிறகு கரையில் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காவிரிதான் தெரிகிறது.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஒகேனக்கலுக்கு மேலே, ஆற்றின் அக்கரையில், கன்னடம் பேசும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். ஆடிப் பதினெட்டுக்குத் தன் மகளோடு பரிசலில் இக்கரைக்கு வருவார். பெற்றவர்கள் இல்லாததால், அன்றைக்கு அவருக்குத் தாய்வீட்டு மஞ்சள் கயிறு கட்டிவிடுவது அம்மாதான். பெரியம்மா கூந்தலை ஒதுக்கிக் குனிந்துகொள்வார். கட்டி முடித்த பிறகும் பேச்சு முடியாது. பெரியம்மா மகளுக்கும் எனக்கும் வேறு வேலை. நான் பால் என்பேன், அவள் ஹாலு என்பாள். புலி, ஹுலி. பள்ளம், ஹள்ள. 'ப'வை ஊதிவிட்டால் அவள் பேச்சு வந்துவிடும் என்று கண்டுபிடித்து, கண்ட சொல்லையெல்லாம் ஊதினோம்.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருடம் ஆறு செக்கச்செவேலென்று பொங்கி வந்தது. பரிசல்களைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அக்கரையில் ஒரு சிவப்புச் சேலை, பக்கத்தில் குட்டியாக இன்னோர் உருவம்.

"அக்கா! கயிறு கொண்டாந்திருக்கறேன்!" என்று அம்மா கத்தினார். அங்கிருந்தும் ஏதோ சத்தம் கிளம்பியது. ஆறு அதை நடுவிலேயே வாங்கிக்கொண்டது.

"ஏங்க, அக்கா என்னங்க சொல்லுது?"

"உங்கக்கா தமிழ்ல சொல்லுதா கன்னடத்துல சொல்லுதான்னே தெரியல. வேணும்னா நீந்திப் போயி கேட்டுட்டு வா" என்றார் அப்பா.

பரிசல்காரர் கையை நீட்டினார். "குடுத்துட்டுப் போம்மா. தண்ணி எறங்குனதும் நானே கொண்டுபோயிக் குடுத்தர்றேன்."

"கட்டிவுடற கயிறுங்கண்ணா. குடுத்தனுப்ப முடியுங்களா?"

அம்மா இரண்டு கைகளாலும் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அவ்வளவு தூரத்துக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் சிவப்புச் சேலை மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டி, கூந்தலை ஒதுக்கிக் குனிந்தது. அம்மா காற்றில் முடிச்சுப் போட்டார். நான் காப்பரிசியை மென்றுகொண்டே, பெரியம்மா மகளுக்குக் கேட்கட்டும் என்று 'ஹ, ஹ' என்று ஊதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆடிக்கு முன்பே பெரியம்மா வீட்டார் காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுப் பக்கம் போய்விட்டார்கள். பெரியம்மா அங்கேயே கண்ணை மூடினார். அவர் மகள் இப்போதும் போனில் கூப்பிடுகிறாள். அம்மா தமிழில் கேட்பார், அவள் கன்னடத்தில் சொல்வாள், புரியாத இடத்தில் இருவரும் சிரித்துச் சமாளிப்பார்கள். அவளுடைய குழந்தைக்கு எங்கள் பேச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது.

ஆறு பொங்கிய அன்றைக்கு, ஊர் திரும்பும்போது பேருந்தில், "பெரியம்மா என்னம்மா சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

அம்மா கயிற்றை விரலில் சுற்றியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் கண்டிப்பா வந்தர்றேன்னு சொல்லுச்சு" என்றார்.

எனக்கும் அப்பாவுக்கும் கேட்காதது அம்மாவுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. கூடப்பிறந்தவர்கள் பேசினால் எவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்கும்போல என்று நினைத்துக்கொண்டே, நிம்மதியாக அவர் மடியில் தூங்கிப்போனேன்.