கை நனைக்காமல் வந்தேன்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைக்கு பைக்கில் போனேன். அக்கா வீடு. மூன்று வருடத்துக்குப் பிறகு.

என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அக்காவை நேரில் போய் அழைக்கவில்லை. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். தப்புதான். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம். "பொண்ண மேடைக்குக் கூட்டிட்டு வர தாய்மாமன் வேணும்ல... வா மாப்ள" என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், போன் செய்திருந்தார்.

இதற்கு நடுவில் என் டயட் வந்து நின்றது.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் டாக்டர் என் ரிசல்ட்டைப் பார்த்து, "சார், சுகர் வாசல்ல நிக்குது" என்றார். மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். விடிந்ததும் மைதானத்தில் எட்டு ரவுண்டு. இரவு எட்டு மணியிலிருந்து மறுநாள் பகல் பன்னிரண்டு வரை தண்ணீர் மட்டும். மீதி நேரத்தை நொடி நொடியாகக் காட்ட செல்போனில் ஒரு ஆப். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒழுங்காக இருக்கிறோம் என்ற கர்வம் வேறு!

அக்கா வீட்டுக்குப் போனபோது மணி ஒன்பதே முக்கால். நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் தெரு வரை வந்தது. அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாடா... என்னடா இப்படி இளைச்சுட்ட? உக்காரு, இட்லி சூடா இருக்கு."

"பன்னெண்டு மணி வரைக்கும் எதும் சாப்பிட மாட்டேன்க்கா. டயட்டு."

"ரெண்டே ரெண்டு இட்லிடா."

"வேணாம்க்கா."

"டீயாச்சும் குடி."

"பாலும் கூடாதுக்கா. வெந்நீர் போதும்."

மாமா சிரித்தார். "உனக்காக நம்ம வூட்டுக் கோழி விடியகாலையிலயே உசுர வுட்டுருச்சு மாப்ள. அதுக்காவது ஒரு வாய் தின்னு."

நான் செல்போனை எடுத்து ஆப்பைக் காட்டினேன். இன்னும் இரண்டு மணி நேரம் சொச்சம்... அக்கா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு வைத்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினொன்றரைக்குக் கிளம்பினேன். இன்னும் அரை மணி நேரம் இருந்திருந்தால் அந்த ஆப்பே சாப்பிடச் சொல்லியிருக்கும். ஆனால் வீட்டில் முளைகட்டிய பயறு காத்திருந்ததே!

நம் பக்கத்தில் சண்டை தீர்ந்ததற்குக் கையெழுத்தெல்லாம் கிடையாது. அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டால் சமாதானம். சாப்பிடாமல் எழுந்தால், பகை அப்படியே இருக்கிறது என்று பொருள். முப்பது வருடம் பேப்பரில் எழுதியவன் நான். எத்தனை பஞ்சாயத்துகள் பந்தியில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்! என் அக்கா தட்டு வைத்தபோது மட்டும் கண் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமா பேசினார். "கை நனைக்காம போயிட்டியே மாப்ள. உங்கக்கா அன்னிக்கு சாப்பிடவே இல்ல. கொழம்ப அப்படியே பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டா."

மறுநாளே ஓடினேன், வெறும் வயிற்றோடு. அக்கா ஒரு தட்டை வைத்தாள். வெள்ளரிக்காய்த் துண்டுகள்.

"ஒங்களுக்கு ஒத்துக்கிறதத்தான் வச்சிருக்கேன். சாப்பிடுங்க."

'டா' போய் 'ங்க' வந்துவிட்டது. மரியாதை இவ்வளவு வலிக்குமா?

"அக்கா, டாக்டர் சொன்னாருன்னுதான்..."

"ஒடம்பப் பாத்துக்கங்க. மேடைக்கு அரியலூர் சித்தப்பா மவன வரச் சொல்லிட்டேன்."

வெள்ளரிக்காயைத் தின்றேன். அது கை நனைத்ததில் சேர்த்தியில்லை.

போன வாரம் கல்யாணம். அரியலூர்த் தம்பிதான் பெண்ணின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தான். நான் நான்காவது வரிசை நாற்காலியில் இருந்தேன். பிறகு பந்தியில் உட்கார்ந்து, கேசரியில் தொடங்கி இலையில் வைத்த ஒன்றையும் விடாமல் சாப்பிட்டேன்.

பார்க்க வேண்டியவள் பந்திப் பக்கம் வரவே இல்லை.