மாப்பிள்ளைக்குச் செய்த கவசம்

போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை நடந்தது இது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால், ஏரியை ஒட்டி இருக்கிற எங்கள் ஊரில். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். பேச்சை இழுத்துக்கொண்டே போவது என் பழக்கம். அவள் வெட்டியது போக மீதிதான் இது.

எங்கள் ஊரில் தவக்காலம் வந்துவிட்டால் பாதிப் பேர் வேஷக்காரர்கள். பெரிய வெள்ளி அன்று கோயிலில் இருந்து ஏரிக்கரை வரைக்கும் சிலுவைப் பாதை. ஒருவர் ஏசுவாகச் சிலுவை சுமப்பார். ரோமப் பட்டாளமாகச் சில பேர் சாட்டையோடு கூட வருவார்கள். அந்தப் பட்டாளத்துக்கு வருஷா வருஷம் அட்டைக் கவசம்தான். பிஸ்கட் பெட்டியை வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டி மாட்டுவார்கள். பாதி வழியிலேயே வேர்வையில் ஊறி, நமத்த அப்பளமாகத் தொங்கும். ஒரு வருஷம் தாள் உரிந்து, பட்டாளத் தலைவரின் முதுகில் பிஸ்கட் கம்பெனி படம் தெரிந்தது. அழ வேண்டிய இடத்தில் ஊரே சிரித்தது. அப்போதுதான் நான் சொன்னேன், "அட்டைய தூக்கிப் போடுங்க. நான் கெட்டி பிளாஸ்டிக்குல செஞ்சி தரேன்" என்று.

சும்மா சொல்லவில்லை. நான் பழைய பேரல் கோடவுனில் உழைத்துத் தேய்ந்தவன். எல்லோர் வீட்டிலும் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல பேரல் இருக்கிறதே, அதைக் கழுவுவது, வெட்டுவது, ஓட்டை அடைப்பது எல்லாம் என் கை வேலை. மூடியைத் திறந்து மூக்கை வைத்தால் உள்ளே முன்பு என்ன இருந்தது என்று சொல்லிவிடுவேன். மருந்து, ஆசிட் வந்த பேரலைத் தொடவே மாட்டேன். ஆந்திராவில் இருந்து மாம்பழக் கூழ் வருகிற பேரலாகப் பார்த்துப் பொறுக்கினேன். எத்தனை கழுவினாலும் அந்த வாசனை போகாது. என் மகள் இங்கே, "நைனா, கவசத்துக்கு வா" என்கிறாள். வருகிறேன்.

பேரலை வெட்டி, சூடான காற்று ஊதுகிற மெஷினைக் காட்டினால் பிளாஸ்டிக் தோசை மாதிரி இளகும். அந்தச் சூட்டில் எதன் மேலாவது அழுத்திப் பிடித்தால் ஆறியதும் அந்த உருவத்தில் கெட்டியாக நிற்கும். மனுஷன் மேல் அப்படி அழுத்த முடியாது. நான் ஒரு தண்ணீர் கேனில் மணலை ரொப்பி, ஈரச் சாக்கைச் சுற்றி, அதன் மேல் அழுத்தினேன். நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தோளுக்குத் துண்டு துண்டாக. மேலே வெள்ளிப் பெயின்ட். தலைக்குக் கம்பெனி ஹெல்மெட்டில் சிவப்பு பிரஷ்ஷை நட்டு வைத்தேன். வெயிலில் காய வைத்தபோது தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

பட்டாளத்துக்காரர்களுக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருத்தன் கத்தினான்.

"யோவ் தாத்தா, இது சட்டையா கத்திரிக்கோலா? அக்குள அறுக்குது!"

"டேய், நீ இன்னா பொண்ணு பாக்கவா போறே? பட்டாளத்துக்குப் போறே. பொறுத்துக்க."

"பட்டாளத்துல கூட குந்த வுடுவாங்க தாத்தா. இத மாட்டிக்கினு குந்தினா தாடைல இடிக்குது!"

திட்டிக்கொண்டேதான் செய்தேன் என்றாலும் கத்தியவனுக்கெல்லாம் செய்து கொடுத்தேன். ஒருவனுக்கு விளிம்பை ராவினேன். ஒருவனுக்கு உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டினேன். ஒருவனுக்குக் கீழே இரண்டு விரல் அளவு வெட்டிவிட்டேன்.

பட்டாளத் தலைவர் வேஷம் என் மாப்பிள்ளைக்கு. கம்பி உருக்குகிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். அகலமான மார்பு, சின்னக் குரல். எங்கள் பக்கத்தில் மாமனாரிடம் மாப்பிள்ளை எதையும் குறை சொல்ல மாட்டார். இவர் அதில் ரொம்பவே அதிகம். ஒரு தடவை நான் வைத்த மீன் குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. வாயில் வைத்த மகள் துப்பினாள். இவர் மறுசோறு கேட்டுப் போட்டுச் சாப்பிட்டார். அதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்!

அவருக்குத்தான் நான் பார்த்துப் பார்த்துச் செய்த கவசம். சினிமா ராஜா மாதிரி நெஞ்சு எடுப்பாக, இடுப்பு சிக்கென்று.

"எப்பிடி கீது மாப்ள?"

"நல்லா கீது மாமா."

அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் ஒரு சின்ன மூச்சு வாங்கினார். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டு நாள் ஒத்திகை ஆன பிறகு மகள் வந்தாள். "நைனா, அவரு உன்கிட்ட சொல்ல மாட்டாரு. தோள்ல தோலு பேந்துகீது. கொஞ்சம் லூசு பண்ணிக் குடு."

லூசு பண்ணினால் அந்த எடுப்பு போய்விடும். எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன், "ஆண்டவரு அம்மாம் பெரிய சிலுவைய தூக்கினு போனாரு. உன் ஊட்டுக்காரரு ஒரு பேரல் துண்டத் தூக்க மாட்டாராமா?"

சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு மாப்பிள்ளை நிற்கிறார். தலையைக் குனிந்துகொண்டு கழுவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு மகள் மூலமாகக் கூட ஒரு வார்த்தை வரவில்லை. பார்த்தாயா, பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளி அன்று மத்தியானம், மாட்டும்போது பக்கவாட்டுப் பட்டை அறுந்துபோனது. நெஞ்சையும் முதுகையும் சேர்க்க, பழைய ஸ்கூல் பேக்கில் இருந்து பக்கிளோடு எடுத்துப் போட்ட பட்டை. மைக்கில் கூப்பிடுகிறார்கள். என் பையில் கேபிள் டை இருந்தது. கம்பெனிகளில் ஒயரைச் சேர்த்துக் கட்டுவார்களே, பல் பல்லாக இருக்கும், இழுத்தால் இறுகும், மறுபடி விடாது, அது. மற்றப் பக்கத்துப் பட்டையையும் நம்பாமல் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு அதை நுழைத்தேன்.

"மூச்ச வெளிய வுடுங்க மாப்ள."

அவர் விட்டார். விட்ட நேரம் பார்த்து இழுத்து இறுக்கினேன். நீட்டிக்கொண்டிருந்த வாலைக் கட்டிங் பிளேயரால் கத்தரித்து, பிளேயரைப் பையில் போட்டு, பையைக் கோயில் அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். மனுஷன் திரும்ப மூச்சை இழுக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெயில் தலையைப் பிளந்தது. அவர் ஒருசந்தி விரதம் வேறு. காலையில் இருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. நான் சம்பந்தியம்மா பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா. பிள்ளையின் வேஷத்தைப் பார்க்க வந்திருந்தார்.

"இன்னா சம்பந்தி, புள்ள நடையே ஒரு தினுசா கீதே?"

"அது கம்பீரம் சம்பந்தியம்மா! கவசம் போட்டா அப்பிடித்தான் நடை வரும்."

ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற இடம் வந்தது. பட்டாளத் தலைவர் சாட்டையை ஓங்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் கை தோளுக்கு மேல் போகவில்லை. யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது மாதிரி இருந்தது. கூட்டத்தில் இருந்து கத்தினேன்:

"மாப்ள, கைய நல்லா தூக்குங்க!"

என் குரல் கேட்டதும் தூக்கினார். முழுசாகத் தூக்கினார். அப்படியே சாய்ந்து ரோட்டில் விழுந்தார். பிளாஸ்டிக் தார் ரோட்டில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜனம் அதை நாடகம் என்று நினைத்தது. சில பேர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஏசு வேஷம் போட்ட பையன்தான் சிலுவையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"யோவ், இது நடிப்பு இல்லய்யா! தண்ணி எடுத்தாங்க! ஆளு மூச்சு வுட மாட்டேங்கிறாரு!"

நான் போய் மண்டி போட்டேன். முகம் கறுத்துப்போய், வாய் திறந்து திறந்து மூடுகிறது. காற்று போகிற சத்தம் இல்லை. பக்கவாட்டில் என் விரல் பக்கிளைத் தேடுகிறது. எங்கே இருக்கும்?

"கழட்டு நைனா! கழட்டு!" மகள் என் முதுகில் அடிக்கிறாள்.

"கழட்ட வராதும்மா" என்றேன்.

அத்தனை ஜனத்துக்கு முன்னால் சொன்னேன். இதை எழுதும்போது மகள் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டாள்.

பல்லால் கடித்துப் பார்த்தேன். எனக்குப் பல் ஏது? பையை எடுக்க ஒருவன் கோயிலுக்கு ஓடினான். அந்த நேரத்தில் ரோட்டோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆளாம், பிறகு சொன்னார்கள். கையில் நுங்கு சீவுகிற கத்தி. வெட்டு உடம்பில் பட்டுவிடக் கூடாது என்று, முதலில் தன் விரலைக் கவசத்துக்கும் தோலுக்கும் நடுவே கொடுக்கப் பார்த்தார். விரல் போகவில்லை.

"ஒரு வெரல் நொழைய எடம் இல்லயே சாமி! யாரு இத மாட்டுனது?"

 சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார்.

அந்த மனுஷர் விரலைத் திருகித் திருகி நுழைத்து, அதன் மேலேயே கத்தியை வைத்து நெம்பினார். டை பட்டென்று தெறித்தது. அவர் விரலிலும் ரத்தம். அடுத்த பக்கமும் அறுத்ததும் நெஞ்சுப் பலகை தானாகத் துள்ளி விலகியது. மாப்பிள்ளை மூச்சை இழுத்தார் பாருங்கள், கிணற்றில் இருந்து வெளியே வந்தவர் மாதிரி. உள்ளே போட்டிருந்த பனியன் தோளிலும் அக்குளிலும் சிவந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று அறுத்த புண் மட்டும் இல்லை. ஒத்திகை நாளில் வந்து காய்ந்த புண்ணும் அடியில் இருந்தது. சம்பந்தியம்மா முந்தானையை நனைத்து ஒத்தி ஒத்தித் துடைத்தார்.

கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். என் முகம் கிட்டத்தில் இருந்தது. பக்கத்தில் இரண்டாகக் கிடந்த கவசத்தையும் பார்த்தார். அவர் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா?

"மாமா... ஒடஞ்சிடுச்சா? மன்னிச்சிக்கங்க மாமா."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சம்பந்தியம்மா ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை எப்படி வாங்குவது? எழுந்து நின்றால் எல்லார் முகமும் தெரியும் என்று அப்படியே மண்டி போட்டபடி இருந்தேன். நுங்குக்காரர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு கும்பிடு போடக்கூட எனக்கு எழுந்திருக்க வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் அந்தக் கவசத்தை நானே மாட்டிக் கயிற்றால் கட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் உடம்பில் பாதி என் உடம்பு. அதற்கே குனிய முடியவில்லை, குந்த முடியவில்லை, கழுத்தில் விளிம்பு குத்துகிறது. மணல் ரொப்பிய கேனுக்கு அளவெடுத்த சட்டை அது. கேன் மூச்சு விடாது, கை தூக்காது, உட்காராது. முதல் நாளே ஒரு தடவை நான் மாட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இந்த வருஷம் புதுசாகச் செய்தேன். அவர் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து நிற்கும்போது கயிறு வைத்து அளந்தேன். வயிற்றுப் பலகையைத் தனியாக வெட்டி, மேலே ஏறி இறங்குகிற மாதிரி பட்டையில் தொங்கவிட்டேன். விளிம்புக்கெல்லாம் சைக்கிள் ட்யூபைப் பிளந்து மாட்டினேன். உள்ளே பழைய ரப்பர் செருப்பைச் சீவி ஒட்டினேன், நடுவில் காற்று போக இடம் விட்டு. அக்குள் பக்கம் அரை வட்டமாக எடுத்துவிட்டேன். பூட்டு எல்லாம் ஸ்கூல் பேக் கிளிப். முன்னால், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில். குந்தச் சொன்னேன், குனியச் சொன்னேன், தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

"எங்க புடிக்குது, சொல்லுங்க மாப்ள."

"எங்கயும் இல்ல மாமா."

"பொய் சொல்லாதீங்க. இந்தக் கெழவனுக்காகவாவது சொல்லுங்க."

சிரித்தார். சொல்லவில்லை. ராத்திரி மகள் வந்து, "எடது பக்கம் கழுத்துல லேசா உராயுதாம்" என்றாள். விடிந்ததும் இழைத்துக் கொடுத்தேன்.

இந்தப் பெரிய வெள்ளிக்கு அவர் ஏரிக்கரை வரைக்கும் நடந்தார். கை தலைக்கு மேல் போனது. ஃபாதர்கூடக் கவசத்தைத் தொட்டுப் பார்த்து, "பிரமாதம் பெரியவரே" என்றார். எனக்கு அது உள்ளே இறங்கவில்லை. வலிக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்த மனுஷருக்கு இன்னும் வாய் வரவில்லை. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்து இத்தனை காலம் ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேனே, அதை நினைத்தால் சாப்பாட்டில் அவர் எதிரே உட்கார இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.